கொள்ளிடத்துக்கு வடக்கே வெறும் பச்சை

போன வாரம் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "சார், நம்ம திருச்சியப் பாருங்க" என்றான். விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள். திரையில் முக்கொம்புக்கு மேலே பறந்துகொண்டிருந்தோம். காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில் மதகுகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு ஸ்ரீரங்கம் வந்தது, மலைக்கோட்டை வந்தது. எதுவும் திணறவில்லை. "எல்லா செட்டிங்கும் உச்சத்துல வச்சிருக்கேன் சார். அறுபது பிரேமுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது" என்றான், தன் தங்கை முதல் ரேங்க் வாங்கியதைச் சொல்வது போல. "சூப்பர்ப்பா" என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஏனோ எல்லாரும் சாப்பிட்டு எழுந்துபோன பந்தியில் தனியாக உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

அந்த லேப்டாப்பின் ஓரத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று என் மணிக்கட்டில் பட்டது. அதற்கு வாசனையே இல்லை. எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு வாசனை உண்டு. தூசி கருகுவதும் பிளாஸ்டிக் சூடேறுவதும் கலந்த ஒரு வாசனை. அதோடு எங்கள் வீட்டில் புழுங்கல் அரிசி வாசனையும் சேர்ந்துகொள்ளும். ஏனென்றால் கம்ப்யூட்டர் இருந்தது அரிசி மூட்டைகள் வைக்கும் பின்னறையில். கொள்ளிடத்துக்கு வடக்கே, டோல்கேட் தாண்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. வெயில் காலத்தில் நானும் கம்ப்யூட்டரும் ஒரே அளவுக்குச் சூடாக இருப்போம். பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிடுவேன். எனக்குக் காற்று கிடையாது.

இந்த மென்பொருளைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விமானம் ஓடுவது போலத் தெரிய, கம்ப்யூட்டர் நொடிக்கு இத்தனை படம் என்று வரைந்து தள்ள வேண்டும். அந்தப் படத்துக்குத்தான் பிரேம் என்று பெயர். அதே நேரம் கீழே ஓடுகிற நிலத்தை, ஆறு, சாலை, வீடு, மரம் என்று டிஸ்க்கிலிருந்து எடுத்து வந்து விரிக்கவும் வேண்டும். இரண்டையும் செய்வது ஒரே ஆள். சமையலும் தானே, பரிமாறுவதும் தானே என்று இருக்கிற சின்ன மெஸ்காரர் மாதிரி. வேகமாகப் பரிமாறச் சொன்னால் உள்ளே சோறு வேகாது, நிலம் குழம்பிப்போன களியாக வரும். நன்றாகச் சமைக்கச் சொன்னால் இலை காய்ந்து கிடக்கும், விமானம் விக்கி விக்கி நகரும். ஆகவே "நொடிக்கு இருபதுக்கு மேல் வரையாதே" என்று ஒரு பூட்டுப் போட்டுவிட்டு, மிச்ச நேரத்தை நிலத்துக்குக் கொடுக்க வேண்டும். இருபதா, பதினெட்டா, இருபத்திரண்டா என்று நான் கழித்த பொழுதுகளைப் பாடத்தில் கழித்திருந்தால் கல்லூரியில் இரண்டு அரியர் குறைந்திருக்கும்.

இத்தனையும் எதற்கு என்றால், அப்பாவுக்காக.

அப்பா குவைத்தில் பைப் வேலைக்கு ஹெல்பராக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் வருவார். முதல் வாரம் சொந்தக்காரர்களும் சென்ட் வாசனையுமாகப் போகும். பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள்.

"படிப்பு எப்படி தம்பி போகுது?"

"போகுதுப்பா."

அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. என் புத்தகத்தை அவர் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி, தூசி தட்டி, இருந்த இடத்திலேயே வைப்பார். அவர் வேலையைப் பற்றி எனக்கும் என்ன கேட்பது என்று தெரியாது. ஒருமுறை மட்டும் சாப்பிட்டுக்கொண்டே, "ப்ளேன் எறங்கும்போது வயித்துக்குள்ள ஒண்ணு பண்ணும் பாரு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த லீவில் அவருக்கு திருச்சியில் இறங்குவதைக் காட்ட வேண்டும். அதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு மணி நேரமாவது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு பெரிய ஆசை எனக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை.

மென்பொருளோடு வந்த திருச்சி பார்க்கச் சகிக்காது. ஓடுதளம் ஒன்று, மங்கலாக ஆறு ஒன்று, நாலாபுறமும் அதுவாகவே முளைக்க வைக்கிற சிவப்பு ஓட்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் புகைபோக்கி வேறு. நம் ஊர் வெயிலுக்குப் புகைபோக்கி! ஸ்ரீரங்கமே கிடையாது. சரி, நானே கட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி, உத்திர வீதி சித்திரை வீதி என்று சுற்றிச் சுற்றி, போனில் கோபுரங்களைப் படம் பிடித்தேன். வடக்குச் சித்திரை வீதியில் சைக்கிளை நிறுத்திக் காலால் தூரம் அளந்துகொண்டிருந்தபோது, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன ஓய், கோயிலை அளக்கறீரா?"

"கம்ப்யூட்டர்ல கட்டறேங்க சாமி. ப்ளேன்ல வந்தா தெரியற மாதிரி."

"உள்ளே பெருமாள் உண்டோ?"

"இல்லைங்க. வெளிப்பக்கம் மட்டுந்தான். உள்ள வெறுங்கூடு."

"பெருமாள் இல்லையா! அப்போ கூட்டம் இருக்காது. நிம்மதியா ஒரு பிரதட்சிணம் பண்ணலாம்" என்று சொல்லி மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

இருபத்தோரு கோபுரத்தையும் கட்டினேன். ராஜகோபுரத்தில் நிலை நிலையாகப் பொம்மைகள் வைத்தேன். மூவாயிரம் அடியிலிருந்து பார்த்தால் கோபுரமே அரிசி உயரம்தான் இருக்கும், அதில் பொம்மையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு இல்லை. விளைவு, விமானம் ஸ்ரீரங்கத்தை நெருங்கியதும் இருபது பிரேம் நாலாகும். மாட்டு வண்டி தோற்றுவிடும்.

எதையாவது விட வேண்டும். மேகத்தை விட்டேன். காவிரியின் அலையை விட்டேன். சாலையில் ஓடும் வண்டிகள், நிழல்கள் எல்லாம் போயின. எண் பதினொன்றில் நின்றது. கடைசியில் வரைபடத்தில் மவுஸால் ஒரு கட்டம் போட்டேன். அந்தக் கட்டத்துக்குள் வீடோ மரமோ முளைக்காது. கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள கரை முழுவதும் அதற்குள் விழுந்தது. சட்டென்று பதினெட்டு ஏறியது. அங்கே வெறும் பச்சை. கோயிலைப் பார்க்கிறவன் அந்தப் பக்கமா பார்க்கப் போகிறான்? அந்தக் கட்டத்துக்குள்தான் எங்கள் வீடு இருந்தது. தெரிந்துதான் போட்டேன். பிரேமுக்காக மட்டும்தான் போட்டேனா, அந்தக் கூரையை வானத்திலிருந்துகூட யாருக்கும் காட்ட வேண்டாம் என்று இருந்ததா என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியாது.

அப்பா வந்தார். நாற்பது நாளில் முப்பத்தொன்பது நாள் "அப்புறம் காட்டலாம், இன்னும் ஒரு பிரேம் ஏறட்டும்" என்று தள்ளிப்போட்டேன். கிளம்புகிற அன்று மதியம், ஊறுகாயும் பருப்புப்பொடியும் அடைத்த அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டி, அதன் மேல் அப்பாவின் பெயரை இங்கிலீஷில் பெரிதாக எழுதி முடித்தேன். அது எப்போதும் என் வேலை. மார்க்கரை மூடிவிட்டு, "அப்பா, ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன்" என்றேன்.

"கெளம்புற அன்னைக்குமா அந்தப் பொட்டிய உருட்டணும்?" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள்.

அப்பா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். திரையில் விமானத்தின் இருக்கையைப் பார்த்துவிட்டு, "பாரம் எழுதிக் குடுக்கணுமா தம்பி?" என்று சிரித்தார். விமானத்தில் தருகிற குடியேற்றப் படிவத்தை அவருக்கு எப்போதும் பக்கத்து சீட்காரர் யாராவதுதான் நிரப்பித் தருவார்.

முக்கொம்பு வந்தது. கோபுரங்கள் வந்தன. நான் திரையின் மூலையில் உள்ள பிரேம் எண்ணைப் பார்த்தேன். பதினெட்டு. பதினேழு. பதினெட்டு. "இதான்பா ராஜகோபுரம், பொம்மையெல்லாம் வச்சிருக்கேன்" என்றேன். அப்பா தலையாட்டினார். ஆனால் அவர் கண் கோபுரத்தில் இல்லை. ஆற்றைத் தாண்டித் தேடிக்கொண்டிருந்தது.

"நம்ம வீடு எங்க தம்பி?"

"அது... வைக்கலப்பா. கம்ப்யூட்டர் தாங்காது."

"ரைஸ் மில்லு?"

"அதுவும் இல்லப்பா."

"மில்லுத் தகரக் கூரை இருக்கணுமே. வெயில்ல பளிச்சுனு அடிக்கும். அதுக்கு ரெண்டு வீடு தள்ளி நம்ம மாமரம். ஒண்ணு ரெண்டுன்னு ஏழு எண்ணுறதுக்குள்ள றெக்கைக்குக் கீழ போயிடும்" என்றார் அப்பா. "கவுண்டர்ல லெஃப்ட் விண்டோ, லெஃப்ட் விண்டோன்னு கேட்டு வாங்குவேன். ஒரு தடவ குடுக்கலன்னு பக்கத்துல இருந்த பொம்பளைகிட்டக் கெஞ்சி மாறிக்கிட்டேன்."

எழுத்து தெரியாத மனிதர் எங்கே ஜன்னல் ஓரம் கேட்டு உட்காரப் போகிறார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். படித்தவன் இல்லையா. என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

"இருங்கப்பா, இப்ப வச்சிடறேன்" என்றேன்.

ஒரு பொருளை வைத்தால் முழு நிலத்தையும் திரும்ப ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆறேழு நிமிடம். நீலப் பட்டை ஒன்று அசையாமல் கிடக்கும். வேறு வழியில்லாமல் பேசினோம். முதல் பட்டை ஓடும்போது, முதன்முதலாகப் போன விமானத்தில் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் எல்லாரும் இறங்கும்வரை தூங்குவது போல நடித்ததைச் சொன்னார். அடுத்ததில், எட்டுப் பேர் படுக்கிற அறையில் கட்டிலின் மேல்தட்டு தனக்குத்தான் என்றும், அங்கே படுத்தால் ஏசி நேராகக் காதில் அடிக்கும் என்றும் சொன்னார். நான் அரியர் பற்றிச் சொன்னேன். அதை அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. "எழுதுனா போச்சு" என்றார்.

வீட்டை வைத்ததும் எண் பதின்மூன்றுக்கு விழுந்தது. எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியுமே, மூலையை முதலில் பார்த்தவர் அவர்தான். "என்ன தம்பி, கொறஞ்சு போச்சு?"

"கோபுரத்துப் பொம்மையெல்லாம் எடுத்துடலாமாப்பா?"

"ரங்கநாதர் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு. எடு."

நிலை நிலையாகப் பொம்மைகளை எடுத்தோம். தகரக் கூரை வைத்தோம். மாமரத்துக்கு, "அது இல்ல, கொஞ்சம் கெழக்க தள்ளு, கெணத்துப் பக்கம்" என்று விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். கடைசியில் எண் பதினெட்டு.

"பதினெட்டுன்னா பாஸா?"

"பாஸ்தாம்பா."

மறுபடி முக்கொம்பிலிருந்து வந்தோம். மணல், தகரம், மரம், வீடு. அப்பா உதட்டுக்குள் எண்ணுவது கேட்டது. நாலு, அஞ்சு. நான் விமானத்தை அப்படியே நடுவானில் நிறுத்தினேன். அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அப்பா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "அங்க எவனும் நிறுத்த மாட்டேங்கிறானே" என்றார். வாசலில் வண்டி வந்து ஹாரன் அடிக்கும்வரை விமானம் நின்றுகொண்டிருந்தது.

பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தோடு பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் போட்டு லேப்டாப் எடுத்தேன். டிஸ்க்கிலிருந்து எதையும் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. சில மாதம் கழித்து அப்பா போனில், "அந்த ப்ளேனு இருக்கா தம்பி? ரூம்ல சொன்னேன், போனுக்கு அனுப்ப முடியுமான்னு கேக்குறானுங்க" என்றார்.

"அதெல்லாம் பழசாப் போச்சுப்பா. போட்டுட்டேன்."

"அப்படியா. சரி சரி. சாப்டியா?"

இப்போது நான் திருச்சிக்கே மாற்றலாகி வந்துவிட்டேன். அப்பாவும் ஒரேயடியாகத் திரும்பிவிட்டார். ஏசி அடித்த காது சரியாகக் கேட்பதில்லை. காலையில் நான் கிளம்பும்போது பேப்பரில் படம் பார்த்துக்கொண்டிருப்பார், சாயங்காலம் வரும்போது டிவி முன்னால் இருப்பார். "வேலை எப்படி தம்பி போகுது?" என்பார். "போகுதுப்பா" என்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனிடம் கேட்டு அதே மென்பொருளை வாங்கி என் லேப்டாப்பில் போட்டேன். அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முக்கொம்பு, கொள்ளிடம், வடகரை. வீடு, மரம், கிணறு, துணி காயப்போடும் கொடி வரைக்கும் இருந்தது. நான் எதையும் வைக்க வேண்டியிருக்கவில்லை, எதையும் எடுக்க வேண்டியும் இருக்கவில்லை. நாற்காலியை அவர் சரியாக இழுத்துப் போட்டுக்கொள்வதற்குள் எல்லாம் வந்து முடிந்திருந்தது. காதருகில் போய், "நம்ம வீடுப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "இங்கயேதான இருக்கேன். மேலேருந்து எதுக்குப் பாக்கணும்?"

பதில் சொல்ல எனக்கு அந்த நீலப் பட்டை ஓடுகிற ஆறு நிமிடம் தேவைப்பட்டது. அதற்குள் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிகிறது என்று அம்மா சத்தம் போட, அப்பா மோட்டாரை நிறுத்த எழுந்து போனார்.