நீலப் புகையும் குறையாத எண்ணெயும்

காலை ஏழு இருபது. புதுச்சத்திரத்தைத் தாண்டியதும், பைக்கில் பின்னால் போய்க்கொண்டிருந்த நான் முதலில் பார்த்தது புகையை. மாமாவின் வேன் விட்ட புகை சாலையோரக் கருவேல மரங்கள் வரை பரவி நின்றது. கறுப்பில்லை, வெள்ளையுமில்லை. ஊதுபத்திப் புகையைப் போல நீலம். எண்ணெய் கருகும் வாடை.

மாமா என் அக்காவின் கணவர். அது 2008, ஆயுத பூசை முடிந்த வாரம். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு அக்காவால் அரை மணி நேரம்கூட உட்கார முடியாது. பஸ் ஆகாது. ரயில் பாதையை அகலமாக்குவதற்காகப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அதனால் மாமா ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீர் டிரம், ஜன்னலுக்குத் திரை எல்லாம் வைத்தார். கடலூர் முதுநகரில் எங்கள் தெருக்காரர்கள் அதை ‘ஓடுற வீடு’ என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் அக்கா மகளின் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். அக்கா அந்தக் குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. அன்று வெள்ளி. சிதம்பரம் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று அக்காவையும் படுக்க வைத்துக் கிளம்பியிருந்தோம்.

“நேத்து மார்க்கெட்டு போறப்பவே லேசா இருந்துச்சு மச்சான்,” என்றார் மாமா, வண்டியை ஓரம் கட்டி. “இவ்ளோ ஜாஸ்தி இல்ல.”

சிதம்பரத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார். “என்னண்ணே, காலைலயே கொசுப்பொக அடிச்சிக்கினு வர்றீங்க?”

ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார். நீலம் இன்னும் அடர்த்தியாக வந்தது. “எண்ணெ எரியுது. பிஸ்டன் ரிங்கு போயிருக்கும். எஞ்சின எறக்கணும். அடுத்த வாரம் குடுத்துடறேன்.”

திரைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. “அந்தக் கொழந்த காலேஜ் போறப்ப நான் போயி பாத்துக்கறேன்.”

மெக்கானிக் எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். எண்ணெய் மேல் கோட்டில் இருந்தது.

“நேத்து பாத்தப்பவும் அங்கதான் இருந்துச்சு,” என்றார் மாமா.

“எரிஞ்சா கொறையணுமே?” என்று கேட்டேன்.

மெக்கானிக் எஞ்சினை மறுபடி ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். ரிங் போயிருந்தால் அந்த வாய் வழியாகப் புகை குபுகுபுவென்று வர வேண்டும். வரவில்லை. “ரிங்கு இல்ல போலக்கீது. அப்ப எந்த எண்ணெ எரியுது?”

“பூசைக்கு இவரு எதத்தான் ரொப்பாம உட்டாரு?” என்றாள் அக்கா. “ஸ்டவ்வ ரொப்பி வச்சி, மெத்தையெல்லாம் மண்ணெண்ணெ நாறுது.”

மாமா வீட்டு வழக்கம் அது. ஆயுத பூசையன்று எதுவும் குறையாக இருக்கக் கூடாது. குடம், விளக்கு, அரிசிப் படி எல்லாம் விளிம்பைத் தொட வேண்டும். அந்த ஆண்டு வேனும் சேர்ந்துகொண்டது.

மெக்கானிக் நிமிர்ந்தார். “அண்ணே, ஏர் கிளீனரத் தொட்டீங்களா?”

“கழுவி, புது எண்ணெ ஊத்துனேன்.”

“உள்ள ஒரு கோடு இருக்குமே?”

“அது பாதியில இருக்குது. பூசையன்னிக்கி பாதி எப்புடிப்பா வைக்கிறது?”

அந்த மாதிரிப் பழைய வண்டியில் எஞ்சினுக்குப் போகும் காற்று ஏர் கிளீனருக்குள் இருக்கும் ஓர் எண்ணெய்க் கிண்ணத்தை உரசிக்கொண்டு போகும். தூசி எண்ணெயில் தங்கிவிடும். கோட்டுக்கு மேல் ஊற்றினால், காற்றோடு எண்ணெயையும் எஞ்சின் உறிஞ்சி எரிக்கும். மாமா ஊற்றியது, வழிந்துவிடாமல் மூட முடிந்த அளவு.

அதன் மேல்மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். மெக்கானிக் கிண்ணத்தைக் கழற்றி, கோடு வரை விட்டுவிட்டு மீதியை டப்பாவில் கொட்டினார். காற்றுக் குழாயைத் துணியால் துடைத்தார்.

“பொட்டு இருக்கட்டும்ணே. அது பொகையாது.”

மாமா சிரித்தார். அக்கா அவரைவிடச் சத்தமாகச் சிரித்து, முதுகு வலிக்கிறது என்று நிறுத்தினாள்.

புகை உடனே நிற்கவில்லை. குழாயில் ஒட்டியிருந்தது எரிந்து தீர வேண்டும். திரும்பும்போது பி. முட்லூர் வரை மெல்லிய நீலம் இருந்தது. ஆலப்பாக்கத்தில் வேனின் நம்பர் பிளேட்டைப் பின்னாலிருந்து தெளிவாகப் படிக்க முடிந்தது.

மறுநாள் மதியம் தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். கொள்ளிடம் பாலத்தில் மாமா வேகத்தைக் குறைத்தார். அக்கா ஒருக்களித்துப் படுத்துத் திரையை விலக்கி ஆற்றைப் பார்த்தாள். பிறகு அவள் அந்தத் திரையை மூடவேயில்லை.

மகளின் வீடு இரண்டாவது மாடியில். அக்காவால் படி ஏற முடியாது. குழந்தைக்குப் பெயர் வைத்தது தெருவில் நின்ற வேனுக்குள்.