கன்றுக்குட்டிக்கு வாயசைத்தவள்

என் வேலை என்னவென்று சொன்னால் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் பாதிப் பேருக்குப் புரியாது. சென்னையில் ஒரு கம்பெனி குழந்தைகளுக்குக் கார்ட்டூன் கதைகள் தயாரிக்கிறது. அதில் ஒரு கன்றுக்குட்டி வரும். அதன் குரலை யாரோ பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். குரலுக்கு ஏற்றபடி அதன் வாயை அசைய வைப்பது நான். 'ம', 'ப' வந்தால் உதடு மூட வேண்டும். 'ஆ' என்றால் தாடை இறங்க வேண்டும். 'ஊ'வுக்கு உதடு குவிய வேண்டும். மூட வேண்டிய இடத்தில் வாய் திறந்திருந்தால் சின்னக் குழந்தைக்குக்கூட அது பேசவில்லை என்று தெரிந்துவிடும். அதனால் மேசைமேல் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஹெட்போனில் குரலைக் கேட்டபடி நானும் சத்தமில்லாமல் பேசிப் பார்ப்பேன். என் வாய் போகிற போக்கைப் பார்த்துத்தான் கன்றின் வாயை வரைவேன்.

அப்பா மைன்ஸில் நிலக்கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பெரிய குரல். ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குக் கேட்கும். போன மழைக்காலத்தில் ஒரு மதியம் குளிக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். உயிர் தப்பியது, வலது கையும் பேச்சும் போய்விட்டன. வாயின் வலது ஓரம் தொங்கிவிட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துபோனார். தினமும் கண்ணாடியைப் பார்த்து 'ஆ', 'ஊ', 'மா', 'பா' என்று சொல்லச் சொன்னார். முதல் சில மாதங்களை விட்டுவிட்டால் பிறகு கஷ்டம் என்றும் சொன்னார். அப்பா முயன்றார். 'மா' சொல்லும்போது ஒரு பக்க உதடு மட்டும் மூடும். மறுபக்கம் எச்சில் வழியும். அம்மா துண்டால் துடைத்துவிடுவாள்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கூடம். ஜன்னலோரம் என் மேசை, எதிர்ச்சுவரோரம் அப்பாவின் கட்டில். அன்றைக்கு எனக்கு வந்திருந்த காட்சியில் கன்றுக்குட்டி வைக்கோலை ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேச வேண்டும். நானும் வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கண்ணாடியில் பேசிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. மறுபடியும் மறுபடியும் செய்துகொண்டே இருந்தேன்.

தம்ளர் ஒன்று என் தோளில் வந்து விழுந்தது. திரும்பினால் அப்பா. கட்டிலில் பாதி எழுந்து, இடது கையை என் பக்கம் நீட்டி, தொண்டைக்குள்ளிருந்து என்னவோ கத்தினார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னாடி பண்ண அவர?"

"ஒண்ணும் பண்ணலம்மா. வேலதான் பாத்துக்கினு இருந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. அவருக்கு ஹெட்போனில் ஓடிய குரல் கேட்டிருக்காது. மகள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன்னைப் போலவே வாயைக் கோணுகிறாள். அவர் பார்த்தது அவ்வளவுதான்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஐயோ, உங்கள இல்லப்பா. இதோ இந்தக் கன்னுக்குட்டிப்பா, பாருங்க" என்று படத்தை ஓடவிட்டேன். அதில் கன்றுக்குட்டி வாயை வலப்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு குழறிக் குழறிப் பேசியது.

அப்பா அதை முழுக்கப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

மறுநாள் பயிற்சிக்குக் கண்ணாடியை நீட்டியபோது அதைக் கையால் தள்ளிவிட்டார். அம்மா கெஞ்சினாள். "ஒரே ஒரு தரம் வாயத் தொறங்க. எனக்கோசரம்." உதட்டை இறுக்கிக்கொண்டார். பயிற்சி கொடுக்கும் பெண் சில வாரம் வந்து பார்த்துவிட்டு, அவருக்கே மனது வந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். நான் மேசையை உள்அறைக்கு மாற்றினேன். எத்தனையோ விதமாக விளக்கிச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது, புரிந்தாலும் நம்பினாரா, தெரியவில்லை.

பொங்கல் முடிந்து அப்பாவோடு பெல்ட்டில் வேலை பார்த்தவர் ஒருவர் பார்க்க வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து கையைச் சுழற்றி ஏதோ சைகை செய்தார். அப்பா இடது கையால் பதில் சொன்னார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே பேசிக்கொண்டார்கள். நடுவில் அப்பா சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பெல்ட்டு ஓடுற அந்த சத்தத்துல வாய்ப் பேச்சு யாருக்கும்மா கேக்கும்? எங்களுக்கு எப்பவும் கைதான்" என்றார் அவர்.

அவரிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் கேலி பண்ணலன்னு நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றேன். அவர் அப்பாவின் பக்கம் குனிந்து, என்னைக் காட்டி, வாயைக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினார். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினார்.

"என்னாண்ணே சொல்றாரு?"

அவர் தயங்கினார். "பெல்ட்ட நிறுத்தச் சொல்றதுக்கு அப்படித்தாம்மா காட்டுவோம்."

அப்பா இப்போதும் பேசுவதில்லை. அம்மா தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகவே கேட்கிறாள். காப்பியா, ஃபேன் போடவா, படுக்கறீங்களா. அவளுக்கு அவர் தலையாட்டுகிறார். எதை நிறுத்தச் சொன்னார், என் வேலையையா, என் விளக்கத்தையா? எனக்கு வேண்டிய அந்தப் பதில் தலையாட்டிச் சொல்லக்கூடியதில்லை. கம்பெனியில் கேட்டுக்கொண்டு வாயசைப்பு வேலையை விட்டுவிட்டேன். இப்போது காட்சிகளுக்குப் பின்னால் வரும் மரம், வேலி, வானம் மட்டும் வரைகிறேன்.