தவக்காலத்தில் பார்த்த மோட்டார் சைக்கிள்

அஞ்சாம் வகுப்போடு நின்றது என் படிப்பு. எழுதிப் பழகாத கை, போதாததற்கு மறதி. முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீர் தெளித்த மணலும் பீடிப் புகையும் கலந்து, கருமத்தம்பட்டி "டெண்ட் கொட்டாயி"க்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறிய வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது.

என் அண்ணன் அருளப்பன் பட்டாளத்தில் இருந்தான். ஒரே மோட்டார் சைக்கிளில் ஒருவர் தோளில் ஒருவராக ஏறி, கோபுரம்போல நின்றுகொண்டு போகிற சாகசக் குழுவில் அவனைச் சேர்த்திருந்தார்கள். டெல்லியில் குடியரசு தினத்தன்று செய்து காட்டியதைப் படம் பிடித்திருக்கிறார்கள், சினிமாவுக்கு முன்னால் போடுகிற "நியூஸ் படத்தில்" வரும் என்று எழுதியிருந்தான். அவன் ஊருக்கு வந்து வெகுநாள் ஆகியிருந்தது. அம்மாவுக்கு அவன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் படம் எங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது தவக்காலம் பிறந்துவிட்டது. நெற்றியில் சாம்பல் பூசிய நாளிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்கள் தெருவில் யாரும் கறி ஆக்க மாட்டோம், சினிமாவுக்கும் போக மாட்டோம். அம்மா தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அப்பாதான் வழி சொன்னார்.

"நியூசு எப்பிடி சினிமாவாகும்? அதெ மட்டும் பாத்துப்போட்டு, படம் போடறதுக்குள்ள எந்திரிச்சு வந்தர்லாம்."

"கோயில்ல சாமியாரு கேட்டா என்னங்க சொல்றது?"

"பையனெப் பாக்கப் போனோம்னு சொல்லு."

அப்பா, அம்மா, அத்தை, நான் எல்லோரும் முதல் ஆட்டத்துக்குப் போய் மணலில் உட்கார்ந்தோம். திரையில் வண்டிகள் வந்தன. ஒரு வண்டியில் சக்கரமே தெரியாத அளவுக்கு ஆட்கள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "உக்காருங்கண்ணா, மறைக்குதுங்க" என்று பின்னாலிருந்து குரல் வருவதற்குள் வண்டி போய்விட்டது. நியூஸ் முடிந்ததும் நாங்கள் எழுந்து நடக்க, டிக்கெட் கிழிக்கிறவர், "ஏனுங்க, இனித்தானுங்களே படமே" என்றார்.

"நாங்க பாத்தாச்சுங்க" என்றார் அப்பா.

"மேலிருந்து ரண்டாவது ஆளு நம்ம பையன்" என்று வழியில் அவரே ஆரம்பித்தார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "கையெ விரிச்சுட்டு நின்னானே, அவனுக்குத்தான் நம்மூட்டு மூக்கு."

"அந்த வேகத்துல மூக்கு வேற தெரிஞ்சுதா உனக்கு?"

அம்மா என் பக்கம் ஒதுங்கி வந்தாள். "நீ பாத்தியா கண்ணு? எளச்சிருந்தானா?"

"ஏம்மா, நீ பாக்கலியா?"

"உழுந்துருவானோன்னு கண்ணெ மூடி மாதாவெக் கும்புட்டேன். தொறக்கறதுக்குள்ள வண்டி போயி, ஊர்வலத்து யானெ வந்துருச்சு."

இன்னொரு நாள் போகலாம் என்று அப்பா எவ்வளவோ சொல்லியும், தவக்காலத்தில் இரண்டு தரம் வேண்டாம் என்றுவிட்டாள்.

வெயில் காலத்தில் அண்ணன் லீவில் வந்தான். நாங்கள் சொன்ன ஆட்கள் யாரும் அவனில்லையாம். வண்டியை ஓட்டினவனே அவன்தானாம்; முன்னால் அத்தனை பேர் நின்றதில் அவன் முகம் யாருக்குமே தெரிந்திருக்காதாம். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப உனக்கு வழி தெரியுமா சாமி?"

"நேரா ஒண்ணும் தெரியாதுங்கம்மா. பக்கத்துல ரோட்டுல போட்ட வெள்ளெக் கோட்டெப் பாத்துட்டே ஓட்டறதுதான்."

அதற்கப்புறம் அவன் பட்டாளத்தை விட்டு வரும்வரை, ஒவ்வொரு குடியரசு தினத்திலும் அவள் சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இப்போது கணபதி என்கிற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். டிவியில் அந்த வண்டிகளைக் காலையில் காட்டுகிறார்கள், செய்தியில் மறுபடி காட்டுகிறார்கள், செல்போனிலும் வருகிறது. உச்சியில் நின்று சல்யூட் அடிக்கிறவனைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். ஓட்டுகிறவனைக் காட்டுவதில்லை. அம்மாவும் இல்லை, அண்ணனும் இல்லை, கொட்டாயி இருந்த இடமும் அடையாளம் தெரியவில்லை. பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது, அணைக்கச் சொல்லிவிடுகிறேன்.

அது எந்த வருஷம் என்று எனக்கு நிச்சயமில்லை. அந்தக் குழுவில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். ஓட்டுகிறவனுக்கு நேராக வழி தெரியாது என்பது நிஜம்தானா, இல்லை எங்கள் அண்ணன் அம்மாவிடம் விளையாட்டுக்குச் சொன்னதா?