சனிக்கிழமைக்குப் போகமாட்டேன் என்ற ஞானசௌந்தரி

டிராம் நிறுத்தத்தில் நிற்கும் குழந்தை வண்டிக்குள் கையை விட்டு, முன்பின் தெரியாத பிள்ளையின் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஞானசௌந்தரி அக்கா. ஹாம்பர்க் தாய்மார்கள் அடுத்த வீட்டுக்காரியையே பிள்ளையைத் தொடவிடாதவர்கள். இந்தத் தாய் விறைத்துப்போய் நிற்கிறாள். அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? "திண்ணுன்னு இருக்கு. ஆறு மாசமா, ஏழா? சொட்டு மருந்து குடுத்தாச்சா?" என்று ஜெர்மன் மொழியில் விசாரிக்கிறார். திண்டுக்கல் வாடை வீசும் ஜெர்மன்.

வயது நாற்பது. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. ஒரு வட்டாரச் சுகாதார அலுவலகத்தில் நர்ஸ். எந்த வட்டாரம் என்று எழுதக்கூடாது என்பது அவர் உத்தரவு. 1961இல் கன்னியாஸ்திரீகள் கூட்டிவந்து ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். இளம்பிள்ளை வாதம் கண்டு, மூச்சுவிடக்கூட இயந்திரத்தை நம்பிக் கிடந்த குழந்தைகளின் வார்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தார். கால் அமுக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். ரொட்டிக்கு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொள்வார். கோபம் வந்தால் சிரித்த முகத்துடன் தமிழில் திட்டிவிட்டு, ஜெர்மனில் நன்றி சொல்வார்.

நான் இங்கே இரும்பைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவன். அக்கா கண்ணில் பட்டுவிட்டால் ஆராய்ச்சியாவது மண்ணாவது! "சும்மாதானே நிக்கிற, இதைப் பிடி" என்று கையில் ஒரு பெட்டியைக் கொடுத்துவிடுவார். அப்படிப் பெட்டி தூக்கப் போய்த்தான் 1968 நவம்பரில் அந்தச் சண்டைக்குச் சாட்சியானேன்.

எங்கள் வட்டாரத்தில் ஆப்பிரிக்க மாணவர்கள் குடும்பத்தோடு தங்கும் விடுதி ஒன்று உண்டு. முப்பத்துநான்கு குழந்தைகள். வாதத்தைத் தடுக்கும் சொட்டு மருந்தைச் சர்க்கரைக் கட்டியில் விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். ஜெர்மன் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை, பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில். ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் சனிக்கிழமை, விடுதிக்கே போய், தனிப் பெட்டியிலிருந்து. அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று தலைமை டாக்டர் ஹென்னிங் நல்ல மனதோடு செய்த ஏற்பாடு அது. முதல் சனிக்கிழமை ஒரு பிள்ளையும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் ஈ காக்கை இல்லை. அதே வாரம் பக்கத்து வட்டாரத்தில் ஒரு குழந்தைக்கு வாதம் கண்டுவிட்டது.

"மருந்தென்றாலே அவர்களுக்குப் பயம். மூடநம்பிக்கை" என்றார் டாக்டர்.

அக்கா மட்டும் என்ன வாழ்ந்தது? அச்சடித்த துண்டுத்தாள்களை அள்ளிக்கொண்டு அஃபியின் சமையலறைக்குப் போனார். அஃபி டோகோ நாட்டுக்காரி; கணவர் இங்கே பொறியியல் படிக்கிறார். அவள் ஒரு சொல் சொன்னால் அந்த விடுதியில் மறுசொல் கிடையாது. அரைமணி நேரம் அக்கா மருந்தின் மகிமையைப் பொழிந்து தள்ளினார். வெங்காயம் நறுக்கியபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அஃபி கத்தியை வைத்தாள்.

"ஜெர்மன்காரங்க எங்க நாட்டை ஆண்டப்போ, தூக்க நோய்க்கு மருந்துன்னு எங்க தாத்தாவை முகாமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எவ்வளவு ஊசி போட்டாத் தாங்குவாருன்னு பார்த்தாங்க. ரெண்டு கண்ணும் போச்சு. சாகிற வரைக்கும் எங்கம்மா கையைப் பிடிச்சுத்தான் நடந்தாரு."

"அது அந்தக் காலம், அஃபி."

"சரி, இந்தக் காலத்தைச் சொல்லு. மருந்து ஒண்ணுதானே? அப்புறம் எங்களுக்கு மட்டும் ஏன் வேற நாளு, வேற பெட்டி? அதுக்குள்ள என்ன இருக்கு?"

அக்கா துண்டுத்தாள்களைத் திரும்ப அள்ளிக்கொண்டு வெளியே வந்தார், நான் பின்னால். படியிறங்கும்போது பாதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, எங்க ஊரு டீக்கடையில எங்க தெருக்காரவுகளுக்குத் தனி கிளாஸு. கூரையில சொருகியிருக்கும். நாமளே எடுத்துக் கழுவி நீட்டணும். அதுல ஊத்துற டீயை எப்பிடி நம்பிக் குடிக்கிறது? தனின்னாலே சந்தேகம்தான்யா. கடல் தாண்டி வந்து, அதே கிளாஸை நானே தூக்கிக்கிட்டு இவுக வாசலுக்கு வந்திருக்கேனே! என்னையச் செருப்பால அடிக்கணும்."

எங்கள் ஊர் டீக்கடைக் கூரையிலும் அந்தக் கிளாஸ் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வேறு கிளாஸில் டீ குடித்து வளர்ந்தவன் நான். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை டாக்டர் அறைக்குள் புகுந்தார் அக்கா. "சனிக்கிழமைக்கு நான் போகமாட்டேன். அவர்களும் புதன்கிழமை வரட்டும். ஒரே வரிசை, ஒரே பெட்டி."

"அவர்கள் வசதிக்காகத்தானே..."

"அவர்களைக் கேட்டீர்களா?"

மற்ற பெற்றோர் முணுமுணுப்பார்களே என்றார் டாக்டர். முணுமுணுத்தால் யாருக்கும் கால் சூம்பாது என்றார் அக்கா. உன் வேலைக்கே ஆபத்து என்றார் டாக்டர். போகட்டும், எனக்குப் பதில் யார் போனாலும் அந்தக் கதவு திறக்காது என்றார் அக்கா. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பதையும் ஜெர்மனில் பெயர்த்துச் சொல்லி மனிதரைத் திணறடித்தார். டாக்டர் நாட்காட்டியை இழுத்துச் சனிக்கிழமையை அடித்தார். "சரி, புதன்கிழமை. என் பேத்தியையும் அன்றைக்கே கூட்டிவருகிறேன்" என்றார்.

அன்று மாலை துண்டுத்தாள் எதுவும் இல்லாமல் அஃபியிடம் போனார் அக்கா. "தப்பு எங்க மேல. புதன்கிழமை வா. முன்னாடி நிக்கிற பிள்ளைக்கு எந்தப் பாட்டிலோ அதேதான் உன் பிள்ளைக்கும். நின்னு பாரு. மனசு ஒப்பலேன்னா திரும்பிப் போயிரு, ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்." அஃபி கத்தியை எடுத்து மறுபடி வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள்.

புதன்கிழமை ஒன்பது மணி ஆயிற்று, பத்தும் ஆயிற்று. கூடம் நிறைய ஜெர்மன் பிள்ளைகள்தாம். அக்காவின் கை மருந்தில், கண் வாசலில். "கதவை மறைச்சுக்கிட்டு நிக்காதய்யா!" என்று என்மேல் பாய்ந்தார். பத்தேமுக்காலுக்குச் சிவப்புத் தலைத்துணி ஒன்று வாசலில் தெரிந்தது. அஃபி! முதுகில் துணியால் கட்டிய இரண்டு வயது மகள் யாவா. அவளுக்குப் பின்னால் பார்த்தால், அடேயப்பா, விடுதியே திரண்டு வந்திருக்கிறது.

ஒரு ஜெர்மன் அம்மாள் விலகி, முன்னால் போங்கள் என்றாள். "வேண்டாம், என் முறைக்கு வர்றேன்" என்று சொல்லி முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றாள் அஃபி. கண் மட்டும் பாட்டிலை விட்டு அகலவில்லை. அவளுக்கு முன்னால் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றது டாக்டரின் பேத்தி. சர்க்கரைக் கட்டியில் மருந்து விழுந்தது. அந்தப் பிள்ளை நறுக்கென்று கடித்துத் தின்றது. அஃபி முதுகுத் துணியை அவிழ்த்து மகளை இறக்கினாள். அதே பாட்டில். யாவா மென்று விழுங்கிவிட்டு, இன்னொன்று வேண்டும் என்று கையை நீட்டியது. கூடமே சிரித்தது.

மதியத்துக்குள் முப்பத்துநான்கு பிள்ளைகளும் தின்று முடித்தார்கள், ஒன்றுகூடப் பாக்கியில்லை! எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. அடுத்த தவணைக்கு அக்கம்பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு குடும்பங்களை அஃபியே இழுத்துவந்தாள். அதற்கப்புறம் இந்த மூன்று வருடமாக அந்த அலுவலகத்தில் தனிச் சனிக்கிழமை என்று ஒன்று கிடையாது.

அந்த முதல் புதன்கிழமை, கூடம் காலியான பிறகு அஃபி மட்டும் மேசைக்குத் திரும்பி வந்தாள். "பெரியவங்களுக்கும் இது உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்று சொல்லிக் கரண்டியில் ஒரு கட்டியை வைத்து நீட்டினார் அக்கா. அஃபி கையை நீட்டவில்லை. அவ்வளவு நேரம் அந்தப் பாட்டிலையே காவல் காத்தவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சர்க்கரைக் கட்டியை விரலால் எடுத்து ஊட்டிவிட்டார்.