பெரியப்பாவின் வருகைப் பதிவேடு

எங்கள் பெரியப்பா உலகத்தின் கடைசிக் காலத்தை ஒரு பதிவேட்டில் வைத்திருந்தார். வார நாட்களில் சர்க்கார் ஆபீசில் தலைமை எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை இரும்புலியூரில் எங்கள் சிறிய ஜெபக்கூடத்தின் மூப்பர். ஆராதனைக்கு வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு, வராதவருக்குச் சிவப்பு மையில் சுழி. பிரசங்கத்தை எப்போதும் ஒரே வாக்கியத்தில் முடிப்பார்: "வருகையில் காணப்படாதவன் கைவிடப்படுவான்."

அவர் சொன்னது கர்த்தரின் இரண்டாம் வருகையை. எனக்கு ஒன்பது வயது. வருகை என்றால் பள்ளிக்கூடத்தில் தினமும் எடுப்பதுதான். நியாயத்தீர்ப்பு நாளில் திறக்கப்படும் புஸ்தகம் அந்தப் பதிவேடுதான் என்று நம்பினேன். அப்படி நம்பிய பெரியவர்களும் இருந்தார்கள். அவர்களை அவர் ஒருநாளும் திருத்தியதில்லை.

அம்மாவின் பெயருக்கு நேரே எட்டு மாதமாகச் சுழிகள். பக்கவாதத்தில் விழுந்த பெரியம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றிக்கொண்டிருந்தது அம்மா. எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். பெரியப்பாவுக்குக் காரணம் தெரியாமல் இல்லை.

பதிவேட்டை எட்டிப் பார்த்த ஒரு பையன் சொன்னான்: "ஐயே, உங்கம்மா பேர்ல ஒரே முட்டையா கீது! வருகையில எல்லாரும் மேல போவசொல்ல, உங்கம்மா மட்டும் இங்கியே குந்திகினு இருக்கும்."

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து பெரியவர்கள் வெளியே நின்றபோது, பெரியப்பாவின் பேனாவாலேயே ஒவ்வொரு சுழியின் நடுவிலும் கோடு போட்டேன். கோடு போட்டால் சுழி போய்விடும் என்று நினைத்தேன்.

மறுவாரம் பெரியப்பா என்னைச் சபை முன்னால் முழங்காலில் நிறுத்தினார்.

"பொய்யருக்கு எங்க பங்கு? சொல்லு."

"அக்கினிக் கடல்ல."

"சத்தமா."

தாம்பரம் விமானத்தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்து போயிற்று. ஓசை அடங்கும்வரை கையை உயர்த்திக் காத்திருந்து, மறுபடி சொல்லவைத்தார். அப்பா இரண்டாவது வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரோ போய்ச் சொல்லியிருக்கவேண்டும். இடுப்பில் செருகிய முந்தானையோடு அம்மா வந்து நின்றாள்.

"அத்தான், அவளை எழுப்புங்க."

"நியாயத்தீர்ப்பு தேவனோட வீட்டுலதாம்மா தொடங்கும்."

"அப்போ நம்ம வீட்டுலயும் தொடங்கட்டும். அக்காவுக்குத் துணி மாத்தணும். நான்தான் வந்துட்டேனே, கோடு போட்டுக்குங்க. இன்னைக்கு நீங்க போய் மாத்துங்க."

பெரியப்பா போகவில்லை. அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். சபையும் எழுந்து பாடியது. அவரை மன்னித்தாலும் அந்தப் பாட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேதாகமத்தில், நியாயத்தீர்ப்பு நாளில் ராஜாவாக வரும் கர்த்தர் சொல்லும் காரியங்களில் வியாதியஸ்தரை விசாரித்ததும் ஒன்று. வருகைப் பதிவேட்டைப் பற்றி எதுவும் இல்லை. அந்த அதிகாரம் பெரியப்பாவுக்கு மனப்பாடம். எனக்கு அன்று அதெல்லாம் தெரியாது. என்னைத் தூக்கி நிறுத்திய அம்மாவின் கையில் ஃபினாயிலும் மூத்திரமும் நாறியதுதான் தெரிந்தது. எல்லாரும் பார்க்கிறார்களே என்று அந்தக் கையை உதறினேன்.