களத்தில் நட்ட கழி

கொள்ளிடத்தின் தென்கரையில் பொன்னாயி அக்காவின் ஓடத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டி அன்றோடு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. 2006ஆம் வருடம், கார்த்திகை மாதம். விசாரணைக்காகப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறியபோது அவளுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒன்பது வருடமாக அந்தக் கைகளில் ஓடக்கழி இருந்தது.

அவள் கணவன் பூமாலை மஞ்சள் காமாலையில் இறந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவனுடைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு துறைக்கு வந்தாள்.

"பொம்பள ஓடம் விட்டா ஆறு எந்தப் பக்கம் ஓடும்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏறுங்க, பாத்துரலாம்" என்றாள். அவர் ஏறினார்.

எங்கள் ஊர் தா.பழூருக்குத் தெற்கே, வடகரையில் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் எங்களுக்குத் தென்கரையில்தான் பக்கம். ஓடத்தில் கால் மணி நேரம். ஆனைக்கரைப் பாலம் சுற்றிப் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும். ஓடம் நின்றதிலிருந்து பதினோரு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதில் இரண்டு பேரை இனி போகவே வேண்டாம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

ஓடத்தைப் பூட்டியவர் அரங்கநாதன். மூன்று வருடமாகத் தென்கரைத் துறையை ஏலம் எடுத்து வருபவர். புதிதாக இன்ஜின் படகு வாங்கியிருந்தார். அது வடகரைக்கு நாளுக்கு ஒரு தடவைதான் வரும், அதுவும் ஆள் நிறைந்தால். பொன்னாயி தென்கரை ஆட்களைக் கூலிக்கு ஏற்றுகிறாள், அதனால் அவள் ஓடம் இனி தென்கரையைத் தொடக் கூடாது என்பது அவர் கொடுத்த மனு.

அந்த ஆறு அந்தக் காலத்திலிருந்தே இரண்டு ஜில்லாக்களுக்கு எல்லை. 1924இல் இரு கரைக்காரர்களுக்கும் துறையில் வெட்டுக்குத்து நடந்து, அதிகாரிகள் முன்னிலையில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். ஊரில் இருந்த தமிழ்ப் பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. பதிவறையிலிருந்து வந்த ஆங்கிலப் பிரதியைத் தமிழில் எழுதித் தரும் வேலை, ஊரில் ஆங்கிலம் படித்தவள் என்பதால் எனக்கு வந்தது. அதனால்தான் நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன்.

நான்காம் பிரிவு தெளிவாக இருந்தது. எல்லை ஆற்றின் நடு. வடகரை ஓடம் தென்கரைத் துறை வரை போய் வரலாம். ஆனால் தென்கரை ஆட்களைக் கூலிக்கு ஏற்றக் கூடாது. மீறினால் கரையேறும் உரிமை போய்விடும். ஏழாம் பிரிவு ஒரே வரி: வடகரை ஓடக்காரருக்கு இரு கரையிலும் முன்பிருந்து வரும் பங்கு தொடரும். எதில் பங்கு என்று எழுதவில்லை. மீன் என்றார் ஒருவர், மணல் என்றார் இன்னொருவர்.

பொன்னாயி அக்கா யாரிடமும் காசு வாங்குவதில்லை. தை மாதம் நெல்லடித்துக் குவித்த களத்துக்குக் கழியோடு போவாள். குவியலுக்குப் பக்கத்தில் கழியை நட்டுப் பிடிப்பாள். அதன் அடியில் முழங்கால் உயரத்தில் ஒரு பித்தளைப் பூண். அந்தப் பூண் மறையும் வரை வீட்டுக்காரர் கழியைச் சுற்றி நெல்லைத் தள்ளுவார். அது அவளுடையது. வடகரை முழுவதும் இப்படித்தான். தென்கரையிலும் ஆறு வீடுகளில் இப்படித் தருவார்கள்.

அந்த ஆறு வீடுதான் பயம்.

"தென்கரையில யாரும் ஒண்ணும் தரலன்னு சொல்லிடு" என்றார் ஊராட்சித் தலைவர் ராசாங்கம். "நெல்லுன்னு வாயத் தொறந்த, கூலின்னு எழுதிப்புடுவானுவ. அதோட முடிஞ்சிது."

"சரிங்க."

அரியலூரில் பஸ் மாறும்போது மறுபடி சொன்னார்.

"அதான் சரின்னேன்ல. நான் என்ன பச்சப் புள்ளயா?"

விசாரணை அறையில் இரண்டு மாவட்டத்து அதிகாரிகளும் இருந்தார்கள். அரங்கநாதன் சாட்சிக்கு அழைத்து வந்திருந்த தென்கரை லீலாவதி இரண்டாவது வரிசையில் இருந்தார். ஓடத்தில் ஏறியதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு பொன்னாயி அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"தென்கரைல உனக்கு யாராச்சும் ஏதாவது தர்றாங்களாம்மா?" என்று கேட்டார் பெரிய அதிகாரி.

ராசாங்கம் தொண்டையைச் செருமினார். அக்கா வாயைத் திறந்தாள். அவள் பார்வை லீலாவதி மேல் போனது. ஆறு வீட்டில் ஒன்றான அந்த வீட்டுக் களத்தில் பல வருடம் கழியை நட்டவள். கொடுத்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கொடுக்கவில்லை என்று சொல்வது, அவர் வீட்டு நெல்லை இல்லையென்று சொல்வது.

"தர்றாங்க சார். ஆறு வூடு."

ராசாங்கம் தலையில் கை வைத்தார். அரங்கநாதனின் வக்கீல் எழுந்து நின்றார். "ஒத்துக்கிட்டாங்க சார். இதுக்கு மேல என்ன வேணும்? நாலாம் பிரிவு."

"இருங்க. என்ன தர்றாங்கம்மா?"

"நெல்லு சார். தையில, களத்துல."

"ஒரு தடவ ஏறுனா எவ்வளவு?"

"ஏறுறதுக்கும் அதுக்கும் என்ன சார்? ராமுச்சூடும் ஏறுனாலும் பூணு மட்டுந்தான். வருசம் பூரா ஏறலன்னாலும் பூணு மட்டுந்தான்."

"வெளச்சல் இல்லாட்டி?"

"இல்லாட்டி இல்ல. ஓடம் மட்டும் நிக்காது."

வக்கீல் சிரித்தார். "சும்மா ஏத்துனா சும்மா குடுப்பாங்களா? நல்லா கத சொல்றம்மா."

லீலாவதி உட்கார்ந்தபடியே பேசினார். "போன வருசம் வெள்ளத்துல எங்க வயல் மணலாப் போச்சு. ஒரு மணி நெல்லு தரல. மாசியில என் மருமவளப் பிரசவத்துக்கு அவ அம்மா வூட்டுக்கு இவதான் அக்கரைக்குக் கொண்டு விட்டா."

"நீங்க எங்க சாட்சிம்மா" என்றார் வக்கீல்.

"அதுக்காவ? பாத்தததான சொல்லணும்."

அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "சார், மொதல்ல ஏழு வூடு இருந்துச்சு. ஏழாவது வூடு அந்தா ஒக்காந்திருக்காரே, அவங்க வூடுதான். அவங்கப்பா இருந்தவரைக்கும் அவரே நெல்லத் தள்ளுவாரு. இவரு ஏலம் எடுத்தப்புறம் நிறுத்திட்டாரு."

அறையில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

"அப்படியா அரங்கநாதன்? உங்கப்பா கூலின்னா குடுத்தாரு?"

அரங்கநாதன் வக்கீலைப் பார்த்தார். "இல்லிங்க. அது... ஓடக்காரன் பங்குன்னு சொல்வாரு."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது என்ன என்று அவருக்குப் புரிந்தது.

"ஏழாம் பிரிவப் படிங்கம்மா" என்றார் அதிகாரி என்னிடம். படித்தேன். இன்னொரு தடவை மெதுவாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். இரண்டு அதிகாரிகளும் தலையைச் சாய்த்து வெகுநேரம் பேசினார்கள். அக்கா சட்டைக் கையை மடிப்பதும் இறக்குவதுமாக இருந்தாள். மின்விசிறிக் காற்றில் உடன்படிக்கையின் தாள்கள் படபடத்தன, நான் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன் உத்தரவைச் சொல்லித் தட்டச்சு செய்ய வைத்தார்கள். களத்துப் பங்கு கூலி ஆகாது. வடகரை ஓடம் தென்கரைத் துறைக்குப் போகலாம். தென்கரையில் பங்கு தரும் வீட்டாரை ஏற்றலாம். அந்த வீடுகளைத் தவிர வேறு யாரையும் அங்கிருந்து ஏற்றக் கூடாது.

வெளியே வந்ததும் ராசாங்கம், "பாதிதான் கெடச்சிருக்கு" என்றார்.

"ஓடம் கெடச்சிருக்குல்ல" என்றாள் அக்கா. "டீ வாங்கிக் குடுங்க. காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கல."

மறுநாள் காலை பாலம் சுற்றித் தென்கரைக்குப் போனோம். அரங்கநாதன் சாவியோடு வந்திருந்தார். பூட்டு ஈரத்தில் இறுகிப் போயிருந்தது. கல்லால் இரண்டு தட்டுத் தட்டித் திறந்தார்.

"ஆறு வூடு. ஏழாவது வூட்டு ஆளு ஒருத்தர் ஏறுனாலும் மறுபடி சங்கிலிதான், பாத்துக்க" என்றார்.

அக்கா ஓடத்தில் தேங்கியிருந்த தண்ணீரைச் சட்டியால் இறைத்துக்கொண்டே இருந்தாள். கழியை எடுத்துப் பூணைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"தையில ஒங்க களத்துக்கும் வரேன். தள்ளுறதும் தள்ளாததும் ஒங்க இஷ்டம். ஆனா ஒங்க பங்காளி வூட்டுக் கல்யாணம் மாசியில எங்க கரையிலதான? ஒங்கம்மாவால இன்ஜின் சத்தம் தாங்க முடியாதும்பாங்க."

அவர் குனிந்து சங்கிலியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். வடகரையில் பள்ளிப் பைகளோடு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர். அக்கா கழியை ஊன்றி ஓடத்தைத் தள்ளினாள்.

"மத்த ரெண்டு வூட்டுக்கும் சாயங்காலம் போவணும்" என்றாள். "நீயும் வா."