பனிக்குள் நின்ற பரிசல்

பனியில் நனைந்த தாரின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் எங்கள் ஊர்ப் பரிசல்தான் நினைவுக்கு வரும். சிறுமுகைக்கு அப்பால், அணைத் தண்ணீர் ஏறி நிற்கும் மாதங்களில் எங்கள் ஊருக்குப் பாதை கிடையாது. தார் பூசிய வட்டப் பரிசலில்தான் அக்கரை போக வேண்டும், மார்கழிப் பனியில் இரண்டு பரிசல்கள் முட்டினால் இரண்டுமே கவிழும்.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எதிரே சத்தம் கேட்டால் குரல் கொடுக்க வேண்டும். ஆள் ஏற்றிய பரிசல் முதலில் போகும், காலிப் பரிசல் நிற்கும், போனவர் "தாண்டீட்டமுங்க" என்று சொன்ன பிறகே அது நகரும். வாசலில்கூட "நீங்க போங்க, நீங்க போங்க" என்று வெகுநேரம் நிற்கும் எங்கள் ஆட்கள், தண்ணீரிலும் அப்படியே நின்றுவிட்டு, இருவரும் ஒன்றாகக் கிளம்பி முட்டிக்கொண்டதும் உண்டு. "தண்ணி மேல மரியாதை பாக்கப்படாது" என்பார் பரிசல் ஓட்டிய என் அப்பா.

ஒரு மார்கழி விடியலில் தம்பிக்குக் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்துவிட்டது. அம்மா மடியில் அவன் விறைத்துக் கிடக்க, அப்பா வேகமாகத் துடுப்புப் போட்டார். பாதித் தண்ணீரில், பனிக்குள்ளிருந்து "வாரனுங்க" என்று ஒரு ஆண்குரல் கேட்டது.

"பையனுக்கு ஒடம்பு முடியலீங்க, நாங்க முந்திக்கறமுங்க" என்றார் அப்பா.

"நீங்க போங்க. நான் நிக்கறனுங்க."

கை நீட்டினால் தொடலாம் போலப் பக்கத்தில் துடுப்பிலிருந்து நீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டேன், ஆளைத்தான் காணவில்லை. அவசரத்தில் அப்பா "தாண்டீட்டமுங்க" சொல்ல மறந்துவிட்டார்.

அக்கரையில் பரிசல்துறையைக் காத்த காவல்காரர், "இன்னைக்கு ஆருமே பரிசல் எடுக்கலீங்களே" என்றார். அந்தக் கரையிலிருந்த பரிசல்களெல்லாம் கவிழ்த்து வைத்தபடியே கிடந்தன. எங்கள் கரையில் இருந்தது எங்களுடையது ஒன்றுதான்.

தம்பி பிழைத்தான். மறுநாள் அப்பா நடுத்தண்ணீருக்குப் போய்த் தொண்டை கட்டும்வரை "தாண்டீட்டமுங்க" என்று கத்திவிட்டு வந்தார். அந்த ஆள் இன்னும் அங்கேயே நிற்கிறாரோ என்பது சாகும்வரை அவரை அரித்தது.

இப்போது அங்கே உயரமான பாலம் வந்துவிட்டது. பரிசல் ஒன்றுகூட இல்லை. போன மார்கழியில் தம்பிதான் காரை ஓட்டினான். இந்தக் கதையை அவனிடம் நாங்கள் யாரும் சொன்னதில்லை. பாலத்தின் நடுவில், பனிக்குள், அவன் சட்டென்று வண்டியை நிறுத்தினான்.

"அக்கா, கீழ தண்ணிக்குள்ள இருந்து ஆரோ 'போலாமுங்களா'ன்னு கேக்கறாங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தார் வாசனை மட்டும் வந்தது. கண்ணாடியை இறக்கினேன்.

"நீயே சொல்லு சாமி, தாண்டீட்டமுன்னு" என்றேன் அவனிடம்.